பகையை வளர்த்த வானொலி நல்லிணக்கத்துக்கும் உதவுமா?

கேள்வி:
1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஹூட்டு இனத் தீவிரவாதிகள் துட்சி இனத்தவரைப் படுகொலை செய்தபோது, அங்குள்ள ஆர்டிஎல்எம் வானொலி, பாட்டுக்கும் கேலிக்கும் நடுவே துட்சிகளைக் ‘கரப்பான்பூச்சிகள்’ என்று இழித்ததோடு, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும்கூட வாசித்தது. அப்படிப்பட்ட ஊடகத்தைக் கொண்டே பின்னர் மனங்களை இணைக்க முடிந்ததா?

மறுமொழி 1:
ஓரளவுக்கு முடிந்தது. 2004இல் தொடங்கிய ஒரு வானொலி நாடகம், நிலத்துக்காகப் பகைத்துக்கொள்ளும் இரண்டு கற்பனை ஊர்களின் கதையாக, ஹூட்டு, துட்சி என்ற சொற்களை உச்சரிக்காமலேயே பழைய காயத்தைப் பேசியது. ஓராண்டு அதைக் கேட்டவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆனால், தம் ஊரில் எது ஏற்கத்தக்க நடத்தை என்ற எண்ணம் மாறியிருந்தது. என் பார்வையில் இது சிறிய மாற்றமல்ல. அக்கம்பக்கத்தார் கொலையில் இறங்கியதைப் பார்த்துத்தானே பலரும் கத்தியை எடுத்தார்கள்?

மறுமொழி 2:
வானொலியின் மீதே முழுப் பழியையும் சுமத்திவிடக் கூடாது; படுகொலையை வழிநடத்தியவர்கள் அரசிலும் படையிலும் இருந்தார்கள். ஆயினும், ஆர்டிஎல்எம் நிறுவனர்கள் இருவரையும் துட்சிகள் மீது வெறுப்பைப் பரப்பிய ‘காங்குரா’ இதழின் ஆசிரியரையும் 2003இல் தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கிய ஐ.நா. தீர்ப்பாயம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. மேல்முறையீட்டில் சில குற்றத் தீர்ப்புகள் நீக்கப்பட்டுத் தண்டனைக்காலம் குறைந்ததே தவிர, மூவரில் எவரும் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படவில்லை.

கேட்டவர்:
நன்றி. இன்று அங்கே இன அடையாளத்தைப் பொதுவெளியில் பேசுவதையே சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஊடகங்கள் அடக்கி வாசிப்பதை நல்லிணக்கம் என்று கொள்ளலாமா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.