கொமடோர் 64க்கு ஜாவா பில்ட்: சோர்ஸ் கோட் மாற்றினாலும் பழைய புரோகிராமே ஓடுகிறது

கல்லடி_64:
வணக்கம். எங்கள் குழுவில் ஓடுகிற நிலையில் ஒரு கொமடோர் 64 (எண்பதுகளின் வீட்டுக் கணினி) இருக்கிறது. அதற்கு ஜாவாவில் சின்ன விளையாட்டுகள் எழுதுகிறோம். ஜாவா கம்பைலரான ஜாவாசி கொடுக்கிற கிளாஸ் ஃபைலை, ஜாவா கிரைண்டர் என்ற கருவி 6502 அசெம்பிளியாக (கொமடோர் சிப்பின் கட்டளை மொழி) மாற்றும். நேக்கன் அசெம்பிளர் அதைக் கொமடோரில் ஓடும் பிஆர்ஜி ஃபைல் ஆக்கும். கடைசியில் சி1541 கருவி டி64 டிஸ்க் இமேஜில் (ஒரு முழு ஃபிளாப்பி டிஸ்க்குக்குச் சமமான ஃபைல்) எழுதும். எல்லாம் ஒரே ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்).

முதல் தடவை நன்றாக ஓடியது. பிறகு பார்டர் நிறத்தைப் பச்சையிலிருந்து சிவப்பாக்க, 53280ஆம் முகவரிக்குப் போகும் 5ஐ 2 ஆக்கினேன். ஸ்கிரிப்ட் கடைசியில் "முடிந்தது" என்கிறது. இன்றைய கணினியில் கொமடோர் போலவே இயங்கும் வைஸ் எமுலேட்டரில் பார்த்தால் இன்னும் பச்சைதான். கிளாஸ் ஃபைல்களை அழித்துவிட்டுப் பில்ட் செய்தும் அதே கதை. சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும், உதவுங்கள்.

காத்தான்குடி நானா:
தம்பி, டிஸ்க்கை விட்டுவிட்டுப் பிஆர்ஜியை நேரே வைஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். சிவப்பு வந்தால் ஜாவா பக்கம் சுத்தம், பிழை டிஸ்க் எழுதும் இடத்தில்தான்.

கல்லடி_64:
ஓம் நானா, நேரே கொடுத்தால் சிவப்பு!

காத்தான்குடி நானா:
அப்படியென்றால் இதுதான். கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் ஒரே பெயரில் இரண்டாவது ஃபைலை எழுத விடாது. 63ஆம் பிழை, ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லும். டெர்மினலில் மேலே போய்ப் பாருங்கள், சி1541 முறைப்பட்டிருக்கும். ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு கட்டளை தோற்றாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகும், அதனால்தான் "முடிந்தது" வருகிறது.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட் -ஈ' போடுங்கள், ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நின்றுவிடும். சி1541 வரியில் எழுதுவதற்கு முன்னால் ஃபார்மட்டையும் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு பில்டுக்கும் புது டிஸ்க் கிடைக்கும். பெயருக்கு முன் @ போட்டு மேலெழுதும் வழியை நாடவேண்டாம். 1541இல் அதற்குப் பழைய, பேர்போன பிழை ஒன்று உண்டு, பக்கத்து ஃபைலையும் கெடுத்துவிடும்.

கல்லடி_64:
அதே டிஸ்க்கில் லெவல் ஃபைல்களும் இருக்கின்றனவே, ஃபார்மட் செய்தால் போய்விடாதா?

கல்முனை அக்கா:
போய்விடும். அதனால் அவற்றை ஜாவா கோடு இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்து, எழுதும் வேலையையும் ஸ்கிரிப்டிடம் கொடுங்கள். டி64ஐ எப்போது அழித்தாலும் அப்படியே திரும்ப உண்டாக்க முடியவேண்டும். விளையாடிச் சேமித்த ஸ்கோர் வேண்டுமென்றால் டிஸ்க்கின் கொப்பியில் விளையாடுங்கள்.

குழுவில் ஆளுக்கொரு ஜேடிகே (ஜாவாசி அடங்கிய ஜாவா கருவித் தொகுப்பு) பதிப்பு இருக்குமே, ஜாவாசிக்கு '--ரிலீஸ் 8' கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே பதிப்புக் கிளாஸ் ஃபைல் வரும்.

இன்னொன்று, மெஷினோடு வந்த பழைய பவர் சப்ளையை மீட்டர் வைத்துப் பார்க்காமல் சனிக்கிழமை செருகவேண்டாம். அதன் 5 வோல்ட் லைன் ஏறினால் ராம் சிப்புகள் போய்விடும்.

கல்லடி_64:
சிவப்பு வந்துவிட்டது! 'செட் -ஈ' போட்டதும் 63இல் நின்றது, ஃபார்மட் சேர்த்ததும் சரி. லெவல்களையும் ஸ்கிரிப்டே எழுதுகிறது. மீட்டர் நாளைக்கு வாங்கி வருகிறேன் அக்கா.