புளூடூத் புதுப்பித்த பின் மவுஸ் நின்றுபோனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சென்னிமலை தறிக்காரர்:

லினக்ஸில் மென்பொருளைப் புதுப்பித்த கையோடு புளூடூத் மவுஸ் இணைவதுபோல் காட்டி உடனே அறுந்துபோகிறதா? பேட்டரியை மாற்றாதீர்கள், புது மவுஸ் வாங்கவும் ஓடாதீர்கள். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பெரியப்பாவின் பட்டறையில் ஜக்கார்டு போர்வைகளுக்கு டிசைன் போடுவது என் பொறுப்பு. உபுண்டு என்ற லினக்ஸ் கணினியில் ஜிம்ப் என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு வரிசை பிசகினாலும் அன்னத்தின் அலகு துணியில் கோணலாக விழும். மவுஸ் இல்லாமல் நடக்கிற காரியமே இல்லை. ஈரோட்டுச் சந்தைக்கு மாதிரி கொண்டுபோக வேண்டிய வாரம் பார்த்து அது படுத்துவிட்டது. அடியில் நீல விளக்கு மினுக்கும். திரையில் இணைந்துவிட்டதாக வரும். அடுத்த நொடி போய்விடும். பெரியப்பா பின்னால் வந்து நின்று, "என்ன கண்ணு, தறி சும்மா நிற்கிறதே" என்றார்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்-சிடிஎல் கட்டளை கொடுத்து புளூடூத் சேவையின் பதிவைப் பார்த்தேன். பிணைக்கப்படாத (அதாவது, ரகசியச் சாவி பரிமாறிச் சேமிக்காத) சாதனம் என்பதால் இணைப்பை நிராகரித்துவிட்டதாக அதில் ஒரு வரி இருந்தது. மவுஸ் பழுதில்லை, கணினிதான் அதை வாசலிலேயே நிறுத்துகிறது என்று அப்போது விளங்கியது.

காரணம் இதுதான். லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை மார்க் நியூலின் என்ற ஆய்வாளர் 2023 டிசம்பரில் வெளியிட்டார். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-45866 என்பது அதன் எண். அருகில் இருக்கும் எவரும் தன் கருவியைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு, நம் சம்மதம் இல்லாமலே கணினியோடு இணைந்து, நாம் தட்டுவதுபோல் எழுத்துகளை அனுப்ப முடியும். இதைத் தடுக்கும் 'கிளாசிக் பாண்டட் ஒன்லி' (பிணைக்கப்பட்டவை மட்டும்) என்ற அமைப்பு 2020-லேயே வந்துவிட்டது. ஆனால் இயல்பில் அணைத்தே வைத்திருந்தார்கள். ஓட்டை வெளியான பிறகுதான் அதை இயல்பாகவே இயங்கும்படி மாற்றினார்கள். அன்று முதல், சாவி பரிமாறிச் சேமித்துக்கொள்ளாத பழைய வகைப் புளூடூத் மவுஸ், கீபோர்டு எதற்கும் அனுமதி இல்லை. கீபோர்டுக்குக் கட்டாயமான அந்தச் சாவி மவுஸுக்குக் கட்டாயமில்லை என்பதால், பல மவுஸ்கள் அது இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. மாட்டிக்கொண்டவை அவைதான்.

இணையத்தில் பலர் புளூஸின் இன்புட்-கான்ஃப் கோப்பில் அந்த அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றி, அதாவது அணைத்துவிடச் சொல்கிறார்கள். மவுஸ் உடனே ஓடும் என்பது உண்மை. ஆனால் அடைத்த ஓட்டையை நம் கையாலேயே திறந்துவிடுகிறோம். அந்தக் கணினியில்தான் எங்கள் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் இருக்கின்றன. தெருவோரப் பட்டறையில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

நான் செய்தது: டெர்மினலில் புளூடூத்தை இயக்கும் புளூடூத்-சிடிஎல் உள்ளே போய் 'ரிமூவ்' கொடுத்து மவுஸைச் சுத்தமாக நீக்கினேன். மவுஸின் அடிப்பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்தேன். பிறகு ஸ்கேன் (தேடு), பேர் (பிணை), டிரஸ்ட் (நம்பு), கனெக்ட் (இணை) என்று அதே வரிசையில் கொடுத்தேன். 'பேர்' கட்டளையை விட்டுவிட்டு நேரே 'கனெக்ட்' கொடுத்தால் சாவி உருவாகாது, பழைய கதைதான். 'டிரஸ்ட்' கொடுக்காவிட்டால் மவுஸ் தூங்கி விழித்ததும் தானாகச் சேராது. சாவி பதிந்துவிட்டதா என்று பார்க்க, வார்-லிப்-புளூடூத் அடைவுக்குள் மவுஸின் முகவரியில் இருக்கும் இன்ஃபோ கோப்பை ரூட் (நிர்வாகி) அனுமதியோடு திறந்து பாருங்கள். 'லிங்க் கீ' என்ற தலைப்பு இருந்தால் சரி. எனக்கு இருந்தது. அன்று மாலையே அன்னத்தை முடித்துவிட்டேன்.

பல்லடம் கோழிப்பண்ணைக் கணக்கர்:

அண்ணா சொன்னபடியே செய்தேன். எங்களுடையது மிகப் பழைய மவுஸ். எத்தனை தரம் கொடுத்தாலும் 'லிங்க் கீ' வரவே இல்லை. தீவனக் கணக்கு இருக்கும் கணினியைத் திறந்துபோட மனம் ஒப்பவில்லை. சிறிய ரிசீவரை யூஎஸ்பியில் செருகும் மவுஸ் ஒன்று மாற்றிவிட்டேன். அது புளூடூத் வழியாக வருவதில்லை, தன் ரிசீவரோடு மட்டும் பேசும். ஆகவே புளூஸ் புதுப்பித்தல் அதைத் தொடுவதில்லை. பழைய மவுஸை வைத்திருப்பவர்கள் இதையும் யோசியுங்கள்.

கோபி ஆசிரியை:

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் விண்டோஸில் மவுஸை இணைத்தால் என் லினக்ஸில் அறுந்துவிடும். நான் இணைத்தால் அவனுக்கு அறுந்துவிடும். புதுப்பித்தல்தான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தோம். இரண்டுக்கும் ஒரே புளூடூத் அடாப்டர், ஒரே முகவரி. மவுஸ் அந்த முகவரிக்கு ஒரு சாவியைத்தான் வைத்துக்கொள்ளும். புதியது வந்தால் பழையது அழிந்துவிடும். விண்டோஸில் இருக்கும் சாவியை எடுத்து லினக்ஸின் இன்ஃபோ கோப்பில் அப்படியே எழுதி, புளூடூத் சேவையை மறுபடி தொடங்கினோம். இப்போது இரண்டு பக்கமும் ஓடுகிறது.

பொள்ளாச்சி கொப்பரை மண்டி:

என் மவுஸ் அறுந்துபோகவில்லை, தத்தித் தத்தி நகர்ந்தது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகும்போது மட்டும்தான் இப்படி. யூஎஸ்பி 3 இணைப்பில் இருந்து கிளம்பும் இரைச்சல் புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். டிஸ்க்கை நீள ஒயர் போட்டுத் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. புதுப்பித்தலைச் சந்தேகிக்கும் முன் பக்கத்தில் என்ன செருகியிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். ரிசீவர் மவுஸ்களும் பெரும்பாலும் அதே அலைவரிசைதான், பல்லடத்துத் தம்பி கவனிக்கவும்.