ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் சிக்னல் ரிலே: கை போகவில்லை, எப்படிக் கழற்றுவது?

ஈசூன்_ஆல்டிஸ்:

அண்ணன்மார்களே, வணக்கம். வண்டி 2007 டொயோட்டா ஆல்டிஸ், சி.ஓ.இ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தது. எடுத்த முதல் பத்து நிமிடம் சிக்னல் ஒழுங்காக அடிக்கிறது. வண்டிக்குள் சூடு ஏறிய பிறகு ‘டிக் டிக்’ சத்தமே நின்றுவிடுகிறது. இடம், வலம் இரண்டும் போகின்றன; அந்த நேரத்தில் டபுள் சிக்னலும் (இரு பக்கமும் ஒன்றாக அடிக்கும் அபாய விளக்கு) வராது. ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் ஓங்கித் தட்டினால் திரும்ப அடிக்கிறது. பல்புகள் எல்லாம் நன்றாக எரிகின்றன, ஃபியூஸ் ஒன்றும் போகவில்லை.

சிக்னலை விட்டுவிட்டு எரிய வைக்கும் ரிலே இருக்கும் இடம் தெரிந்துவிட்டது: ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டியின் பின்முகத்தில் செருகியிருக்கிறது. விரல்நுனி படுகிறது, ஆனால் பிடித்து இழுக்க முடியவில்லை. டேஷ்போர்டை முழுதாக இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். அடுத்த மாதம் வண்டிப் பரிசோதனை. இறக்காமல் செய்ய வழி உண்டா? ரிலேதான் கோளாறு என்று உறுதிப்படுத்துவது எப்படி?

கம்பிச்சுருள்:

நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் முக்கியமானது, டபுள் சிக்னலும் கூடவே போவது. இந்த வண்டியில் இருப்பது பழைய ரகமான மூன்று கால் ஃபிளாஷர் அல்ல, எட்டுக் கால் (சாக்கெட்டில் செருகும் முனை) ரிலே. பல்புகளுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ‘பி’ காலில் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. ‘ஐஜி’ கால் சாவி போட்டிருக்கிறது என்று சொல்ல மட்டுமே. சிக்னல் தண்டும் டபுள் சிக்னல் பொத்தானும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. தங்களுக்குரிய காலை எர்த்தோடு (பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டி உடல்) சேர்க்கின்றன, அவ்வளவுதான்.

அதனால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். டபுள் சிக்னல் அடித்து, இடம் வலம் மட்டும் போனால் ஐஜி ஃபியூஸ் அல்லது தண்டு. இடம் வலம் அடித்து டபுள் மட்டும் போனால் பொத்தான். எல்லாம் ஒன்றாகப் போனால் பி ஃபியூஸ், எர்த், ரிலே ஆகிய மூன்றில் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் ரிலேயைத் தொடவே வேண்டாம், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும் அல்லது பின்விளக்கின் சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கும்.

தட்டினால் வருகிறது, சூடானால் போகிறது என்றால் பெரும்பாலும் ரிலேக்குள் ஈயப் பற்றில் விரிசல் விழுந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு 21 வாட் இரண்டு, 5 வாட் ஒன்று, மொத்தம் 47 வாட். சுமார் 4 ஆம்பியர். டபுள் சிக்னலில் அது 8 ஆகிறது. தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கால்கள் போர்டில் சேரும் இடத்தில் வளையமாக வெடிப்பு விழும்.

ஆனாலும் தட்டும்போது அதிர்வது ரிலே மட்டுமல்ல, பக்கத்துக் கனெக்டரும்தான். ஆகவே ரிலேயை எட்டியதும், சிக்னல் நின்றிருக்கும் நேரத்திலேயே அளந்து விடுங்கள். 4ஆம் காலில் (பி) எப்போதும் 12 வோல்ட், 1ஆம் காலில் (ஐஜி) சாவி போட்டால் 12 வோல்ட் இருக்க வேண்டும். 7 எர்த். மீட்டரின் ஒரு முனையை 7இலும் மறுமுனையைச் சுத்தமான பாடி போல்ட்டிலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பிறகு சாவி போட்ட நிலையில் 5ஆம் காலை ஒரு கம்பியால் எர்த் செய்தால் இடப்பக்கம் அடிக்க வேண்டும், 6ஆம் காலைச் செய்தால் வலப்பக்கம். அடித்தால் ரிலே நல்லது, கோளாறு தண்டுப் பக்கம். மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் அடிக்கவில்லை என்றால் ரிலேதான். கம்பியை 4ஆம் கால் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள், ஃபியூஸ் போய்விடும்.

பத்தாம்நம்பர்_ஸ்பானர்:

டேஷ்போர்டை இறக்கத் தேவையில்லை தம்பி. எல்லோரும் செய்யும் தவறு, ஃபியூஸ் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னால் கையை நுழைப்பது. பெட்டியைத்தான் கீழே இறக்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றி 90 விநாடியாவது காத்திருங்கள். ஸ்டீயரிங் பக்கம் ஏர்பேக் இருக்கிறது, மஞ்சள் கனெக்டர் எதையும் தொடக்கூடாது. கதவடிப் பட்டையை மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும், அதை ஒட்டிய பக்கவாட்டு அட்டையும் வரும். அடுத்து முழங்கால் தட்டு: ஓரிரு போல்ட், மீதி கிளிப். பானெட் திறக்கும் கைப்பிடி இந்தத் தட்டோடு இணைந்திருந்தால் அதை முதலில் விடுவியுங்கள், கேபிளை மடக்கிவிட்டால் அது தனி வேலை. இத்தனை வருடம் வெயிலில் நின்ற பிளாஸ்டிக் முறுகிப் போயிருக்கும். ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல், ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் பிளாஸ்டிக் நெம்பியை விட்டு எடுங்கள்.

பெட்டி 10 மி.மீ. நட்டுகளில் நிற்கிறது. நட்டைக் கழற்றும் முன் சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், நட்டு அதில் ஒட்டிக்கொண்டு வரும். அங்கே விழுந்த நட்டைத் தேடுவதற்கே அரை நாள் போய்விடும். கனெக்டர்களைக் கழற்ற வேண்டாம். கம்பிக்கட்டைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்றிரண்டை விடுவித்தால் பெட்டி மூன்று நான்கு செ.மீ. இறங்கிச் சற்றுத் திரும்பும், அது போதும்.

அடுத்தது ரிலேயை இழுப்பது. கைப்பேசியை உள்ளே விட்டு ஒரு படம் எடுங்கள். பூட்டு நாக்கு இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று தெரியும். தட்டையான சிறு திருப்புளியின் நுனியில் டேப் சுற்றி நாக்கை அழுத்துங்கள். ரிலேயை முறுக்காதீர்கள், நீளவாக்கில் இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து நேராக இழுங்கள். விரல் வழுக்கினால் நீள மூக்குக் குறட்டின் இரு தாடைக்கும் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொள்ளுங்கள். வெறும் குறடு மூடியை மட்டும் உருவிக்கொண்டு வரும், போர்டு சாக்கெட்டிலேயே நின்றுவிடும்.

புதியதைச் செருகும் முன் அதன் இடுப்பில் மீன்பிடி நூல் ஒன்றைக் கட்டுங்கள், கை தவறினால் இழுத்து எடுக்கலாம். எட்டுக் காலும் துளையில் உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே அழுத்துங்கள். ஒரு கால் மடங்கினாலும் சாக்கெட்டே போய்விடும். பேட்டரியை மாட்டி, இடம், வலம், டபுள் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தட்டுகளை மூட வேண்டும். பேட்டரி கழற்றியதால் ஜன்னலின் தானியங்கி ஏற்றம் வேலை செய்யாவிட்டால் பயப்படாதீர்கள், மறுபடி பழக்கிக்கொள்ளலாம்.

பல மாடி கார்நிறுத்தத்தில் மொட்டைத் தளம் வேண்டாம். கீழ்த்தளத்தில், காலையில், தலையில் மாட்டும் விளக்கோடு செய்யுங்கள்.

கம்பிச்சுருள்:

அண்ணன் சொன்னதில் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பேட்டரி கழற்றிய நிலையில் நான் மேலே சொன்ன அளவுகளை எடுக்க முடியாது. பெட்டியை இறக்கியதும், பெட்டியும் திறந்த நட்டுகளும் எந்த உலோகத்திலும் உரசாதபடி துணி வைத்து, மைனஸை மாட்டி அளந்து, திரும்பக் கழற்றிவிட்டு ரிலேயை இழுங்கள்.

ஈசூன்_ஆல்டிஸ்:

மிக்க நன்றி. பெட்டியை இறக்கியதும் ரிலே கண்ணெதிரே வந்துவிட்டது. 4, 1, 7 எல்லாம் சரி, 5ஐ எர்த் செய்தும் அடிக்கவில்லை. ரிலேயைத் திறந்து பார்த்தால் இரண்டு தடித்த கால்களைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிகிறது. ஈயம் வைத்தால் போதுமா, புதியது வாங்கவா? எல்இடி பல்பு போடும் எண்ணமும் இருக்கிறது.

கம்பிச்சுருள்:

ஈயம் வைக்கலாம், நன்றாகவே நிற்கும். பழைய ஈயத்தின் மேலேயே சூடு காட்டினால் பயனில்லை. உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பற்ற உதவும் பசை) தடவி, 350 டிகிரி அளவில் புது ஈயம். மின்னணுச் சாமான் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் இதெல்லாம் கிடைக்கும். ஆனால் உள்ளே தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஒருநாள் அவை ஒட்டிக்கொண்டு விளக்கு அடிக்காமல் எரிந்தபடியே நிற்கும்.

புதியது வாங்குவதானால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். டொயோட்டா எண் 81980 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களும் ஒத்துப்போக வேண்டும். எட்டுக் கால் என்பதற்காக எல்லாம் ஒன்றல்ல. மூன்று கால் ஃபிளாஷரைக் கம்பி நீட்டி இதில் மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள்.

பத்தாம்நம்பர்_ஸ்பானர்:

எல்இடி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சில வாட் மட்டுமே இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று ரிலே நினைத்து வேகமாக அடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 வரைதான் சரியான அளவு. ஒரு பல்பு போனால் இந்த ரிலே 140ஐத் தாண்டும். 6 ஓம் மின்தடையை இணையாகப் போட்டால் சரியாகும்தான். ஆனால் 13.8 வோல்ட்டில் அது 32 வாட் சூட்டைக் கக்கும். பிளாஸ்டிக்கிலோ கம்பிக்கட்டிலோ பட்டால் உருகிவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் எல்இடிக்கான எட்டுக் கால் ரிலேயே வாங்குங்கள், பெட்டி இப்போது கீழேதானே இருக்கிறது. அதில் ஒரு குறை: பல்பு போனாலும் வேகம் மாறாத ரகங்கள் உண்டு, போனது உங்களுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் சாதா பல்பே போதும். பத்து வருடம் தாண்டிய வண்டி, வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறது. அதற்கு முன் பல்பின் நிறத்தைப் பாருங்கள். நிறமற்ற கண்ணாடிக்குள் இருக்கும் பல்பில் ஆரஞ்சுப் பூச்சு உதிர்ந்து வெள்ளையாக அடித்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மாற்றும்போது கவனம்: ஆரஞ்சுப் பல்பான பிஒய்21டபிள்யூவின் உலோக அடியில் உள்ள இரு பக்கப் பூட்டுக் குமிழ்களும் நேரெதிராக இருக்காது, 150 டிகிரியில் இருக்கும். நேரெதிராக இருக்கும் சாதா பி21டபிள்யூவை அந்தச் சாக்கெட்டில் திணித்தால் சாக்கெட் உடையும்.

ஈசூன்_ஆல்டிஸ்:

சரி, சாதா பல்பே இருக்கட்டும். தொடுமுனையில் குழி இருக்கிறது, புது ரிலே வாங்கி மாட்டியாயிற்று. ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 84 முறை, இரண்டு பக்கமும் ஒரே சீர்.