கலிபோர்னியாவில் வீட்டைச் சீரமைக்கப் போகிறவர்களுக்கு: உரிமம், பிணைப் பத்திரம், முன்பணம்

அண்மையில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வேலைக்கு வருகிறவர் தம் வண்டியில் ‘லைசென்ஸ்டு, பாண்டட், இன்ஷூர்டு’ என்று எழுதியிருக்கிறார், அப்படியானால் எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதல்லவா?" இந்த மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கின்றன என்பதையும், நடுவில் இருக்கும் பாண்டு, அதாவது பிணைப் பத்திரம், நாம் எண்ணிக்கொள்ளும் அளவுக்குப் பாதுகாப்பைத் தருவதில்லை என்பதையும் 2021ஆம் ஆண்டில் பணத்தை இழந்த பிறகே நான் புரிந்துகொண்டேன். அதனால் முதலில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஊரில் கூட்டுறவு வங்கியில் ஒருவர் கடன் வாங்கும்போது இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிணைப் பத்திரமும் அத்தகையதே. ஒப்பந்தக்காரர் ஆண்டுதோறும் ஒரு சிறு கட்டணத்தைச் செலுத்த, ஒரு பிணை நிறுவனம் அவருக்காக அரசிடம் ஜாமீன் நிற்கிறது. அவர் உரிமச் சட்டத்தை மீறி யாருக்காவது இழப்பு ஏற்படுத்தினால், அந்த நிறுவனம் பத்திரத்தின் தொகைக்கு உட்பட்டு இழப்பீடு கொடுக்கும். கொடுத்ததை அவரிடமே திரும்ப வசூலிக்கும். அவர் திருப்பிக் கட்டாவிட்டால் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். ஆகவே இது ஒப்பந்தக்காரரை ஒழுங்குக்குள் வைப்பதற்கான ஏற்பாடு. நம் வீட்டுக்கு எடுக்கப்பட்ட காப்பீடு அன்று.

கலிபோர்னியாவில் இந்தப் பத்திரத்தின் தொகை 2023 ஜனவரி 1 முதல் 25,000 டாலர். அதற்கு முன் 15,000 டாலராக இருந்தது. இது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியே ஒதுக்கப்பட்ட தொகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த ஒப்பந்தக்காரரால் பாதிக்கப்பட்ட அனைவருக்கும் சேர்த்தே அந்த ஒரு தொகை. ஐந்து வீடுகளில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் காணாமல் போனால், ஐந்து குடும்பங்களும் அதே 25,000 டாலரைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சமையலறையைப் புதுப்பிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சிறிய தொகை என்பது விலை கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் வீட்டில் நடந்ததும் இதுவே. பழைய வீட்டின் சமையலறையை மாற்றுவதற்கு நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ஒப்பந்தக்காரரிடம் 45,000 டாலருக்கு வேலையைக் கொடுத்தேன். அலமாரிகளை முன்கூட்டியே ஆர்டர் செய்ய வேண்டும் என்று சொல்லி 18,000 டாலர் முன்பணம் கேட்டார், காசோலையாகக் கொடுத்தேன். பழைய அலமாரிகளை இடித்து அப்புறப்படுத்திய மூன்றாவது வாரத்தில் அவர் வருவது நின்றது. அப்போதுதான் அவருடைய உரிம விவரத்தை முதன்முதலாக இணையத்தில் பார்த்தேன். பிணை நிறுவனம் பத்திரத்தை ரத்து செய்துவிட்டதால் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் பணம் கொடுத்த நாளில் பத்திரம் நடப்பில் இருந்ததால் கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனால் என்னோடு வேறு மூன்று குடும்பங்களும் கோரியிருந்தன. பதினொரு மாதங்களுக்குப் பிறகு என் கைக்கு வந்தது 4,100 டாலர். அந்தப் பதினொரு மாதமும் என் மனைவியும் அவருடைய தாயாரும் வண்டிக்கொட்டகையில் ஒரு மின்னடுப்பை வைத்துச் சமைத்தார்கள். மற்ற யாருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாமல் போன சட்டவிதி ஒன்று உண்டு. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கலிபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு ஒப்பந்தக்காரர் வாங்கக்கூடிய முன்பணம், ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றுள் எது குறைவோ அதுதான். 45,000 டாலர் வேலைக்கும் 1,000 டாலர்தான்; ஒரு லட்சம் டாலர் வேலைக்கும் 1,000 டாலர்தான். முழு வேலைக்கும் ஈடான தனிப் பெரும் பிணைப் பத்திரத்தை உரிம வாரியத்திடம் பதிவு செய்துள்ள ஒரு சில நிறுவனங்களுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. அந்த விவரமும் அவர்களுடைய உரிமப் பக்கத்திலேயே தெரியும். முன்பணத்துக்குப் பிந்தைய தவணைகளும் முடிந்த வேலைக்கோ வீட்டில் வந்து இறங்கிய பொருளுக்கோ உரிய மதிப்பைத் தாண்டக்கூடாது. "பொருள் வாங்கப் பணம் வேண்டும்" என்று சொன்னால், அலமாரியையும் கல்பலகையையும் நீங்களே கடையில் நேரடியாக வாங்கிக் கொடுக்கலாம். பொருள் உங்கள் பெயரில் இருக்கும், ரசீதும் உங்களிடம் இருக்கும். ஊரில் மேஸ்திரிக்கு வாரக்கூலியையும் முன்பணத்தையும் வாய்ச்சொல்லின் பேரில் கொடுத்துப் பழகிய நமக்கு, பணத்தைப் பிடித்து வைப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றக்கூடும். இங்கே அதுதான் சட்டம். நேர்மையான ஒப்பந்தக்காரர்கள் அதை அறிந்தே விலை சொல்கிறார்கள்.

உரிமத்தைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. சி.எஸ்.எல்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் உரிம எண்ணையோ பெயரையோ உள்ளிட்டால், உரிமம் நடப்பில் உள்ளதா, எந்த வகை வேலைக்கு வழங்கப்பட்டது, பிணை நிறுவனம் எது, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்பவை எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். வகையைக் கவனிப்பது முக்கியம். பி என்பது பொது ஒப்பந்தக்காரருக்கு உரியது. சி-10 மின்வேலைக்கும், சி-36 குழாய்வேலைக்கும், சி-39 கூரைவேலைக்கும் உரியவை. கூரை உரிமம் மட்டும் வைத்திருப்பவரிடம் குளியலறையை ஒப்படைக்கக் கூடாது. அடுத்து, அவருடைய சட்டைப்பை உரிம அட்டையையும் புகைப்பட அடையாள அட்டையையும் சேர்த்துக் கேட்டு, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறொருவரின் உரிம எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக, ஒப்பந்தம் போடும் நாளில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு தவணை கொடுப்பதற்கு முன்பும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பத்திரமோ காப்பீடோ இடையில் காலாவதியானால் உரிமமும் நிறுத்தப்படும் என்பதால், கடந்த மாதம் சரியாக இருந்தது இந்த மாதம் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது.

உரிமம் இல்லாதவரிடம் வேலை கொடுத்தால் செலவு குறையும் என்ற பேச்சு நம் குழுக்களில் அடிக்கடி வருகிறது. 2025 ஜனவரி முதல், கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைந்த, நகராட்சி அனுமதி தேவைப்படாத, வேலையாள் வைக்காமல் ஒருவரே செய்யும் சிறு வேலைக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. அதற்கு முன் அந்த வரம்பு 500 டாலர். பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து இந்த வரம்புக்குள் கொண்டுவர முடியாது. உரிமமற்றவரிடம் பிணைப் பத்திரம் இருக்காது, அவருடைய ஆள் உங்கள் வீட்டில் விழுந்து அடிபட்டால் பொறுப்பு உங்கள் மேலேயே வரக்கூடும். அதே சமயம், உரிமமில்லாமல் வேலை செய்தவர் கூலி கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்பதும், கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு நீங்கள் வழக்குத் தொடுக்கலாம் என்பதும் இந்த மாநிலத்தின் சட்டம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் இதைப் பற்றிக் கேட்பது நல்லது.

இந்தத் தொழிலிலேயே இறங்க விரும்பும் தம்பிமார்கள் சிலரும் எழுதியிருந்தார்கள். உரிமத்துக்குக் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டு தேர்ந்த வேலை அனுபவம் வேண்டும். சட்டமும் வணிகமும் பற்றிய தேர்வு ஒன்று, தொழில் தேர்வு ஒன்று, கைரேகைச் சோதனை, அதன்பின் பிணைப் பத்திரம். பத்திரத்துக்கான ஆண்டுக் கட்டணம் உங்கள் கடன் மதிப்பெண்ணைப் பொறுத்து ஏறி இறங்கும் என்பதால், வந்த புதிதில் அது கூடுதலாக இருக்கலாம். எச்1பி விசாவில் இருப்பவர்கள், விசாவுக்கு மனுச் செய்த நிறுவனத்தைத் தவிர வேறு வேலை செய்ய அனுமதியில்லை என்பதை மறந்து வார இறுதி வேலைகளை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது சொல்லான ‘இன்ஷூர்டு’ பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை, எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) வடிவ நிறுவனங்களைத் தவிர மற்ற ஒப்பந்தக்காரர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று கலிபோர்னிய உரிமச் சட்டம் சொல்லவில்லை. அது இருக்கிறதா இல்லையா என்பதை ஒப்பந்தத்தில் தெரிவித்தால் போதும். எனவே காப்பீட்டு முகவரிடமிருந்து நேரடியாக உங்களுக்குச் சான்று அனுப்பச் சொல்லுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு வேறு. வேலையாள் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது கட்டாயம். கூரை, காங்கிரீட், குளிர்சாதனம், மரம் வெட்டுதல் போன்ற வேலைகளுக்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டாயம். "எனக்கு வேலையாள் இல்லை" என்று வாரியத்தில் எழுதிக் கொடுத்து விலக்குப் பெற்றவர், மறுநாள் காலையில் மூன்று பேரை அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கேள்வி கேளுங்கள்.

வேறு மாநிலங்களில் இருப்பவர்கள் இந்தத் தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் தேர்வு இல்லாத பதிவு முறை. 2024 ஜூலை முதல் பொது ஒப்பந்தக்காரருக்கு 30,000 டாலர், தனித்தொழில் ஒப்பந்தக்காரருக்கு 15,000 டாலர் பத்திரம். பென்சில்வேனியாவில் தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகத்தில் பதிவும் காப்பீடும் கேட்கிறார்கள், பத்திரம் கேட்பதில்லை. நியூஜெர்சியில் பதிவு எண் 13விஎச் என்று தொடங்கும். டெக்சஸில் பொதுவான வீட்டுச் சீரமைப்புக்கு மாநில உரிமமே கிடையாது. மின்வேலை, குழாய்வேலை, குளிர்சாதனம் ஆகியவற்றுக்கு உண்டு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தொடங்கும் நாள், முடியும் நாள், மொத்தத் தொகை, எந்த வேலை முடிந்தபின் எவ்வளவு பணம் என்பன அதில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் ரத்து செய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால் ஐந்து வேலை நாட்கள். பகலில் பெற்றோர் மட்டும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வந்து கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு என்பதால் இதை அப்பா அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். இடையில் வேலை கூடினாலும் குறைந்தாலும், அந்த மாற்றத்தை விலையோடு எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே செய்யச் சொல்லுங்கள். நகராட்சி அனுமதியை உங்கள் பெயரில் நீங்களே எடுக்கும்படி அவர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி எடுத்தால் கட்டுபவர் என்ற பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு ஆபத்து லீன். நீங்கள் ஒப்பந்தக்காரருக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும், அவர் தம் துணை ஒப்பந்தக்காரருக்கோ பொருள் கொடுத்த கடைக்கோ கொடுக்காமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் மீது உரிமை கோரிப் பதிவு செய்ய முடியும். அதற்கு முன்னறிவிப்பாக, அவர்கள் தம் வேலையையோ பொருளையோ கொடுக்கத் தொடங்கிய 20 நாட்களுக்குள் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வரும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தூக்கி எறியவும் வேண்டாம். யார் யார் உங்கள் வேலையில் பணம் பெற வேண்டியவர்கள் என்ற பட்டியலை அந்தக் கடிதங்களே உங்களுக்குத் தருகின்றன. ஒவ்வொரு தவணையின்போதும் அவர்களிடமிருந்து கையெழுத்திட்ட உரிமை விடுவிப்புப் படிவத்தை வாங்குங்கள். சந்தேகமிருந்தால் ஒப்பந்தக்காரர், கடைக்காரர் இருவர் பெயரையும் சேர்த்தே காசோலையை எழுதுங்கள். கடைசித் தவணையை, நகராட்சி ஆய்வாளர் இறுதி ஒப்புதல் கொடுத்து, எல்லோருடைய விடுவிப்புப் படிவமும் கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.

இப்போதே சிக்கலில் இருப்பவர்கள் உரிம வாரியத்தில் புகார் கொடுக்கலாம். பொதுவாக நான்கு ஆண்டுகள் வரை காலம் உண்டு. பிணை நிறுவனத்திடம் கோரிக்கையைத் தனியாகவும் தாமதமில்லாமலும் அனுப்ப வேண்டும். வாரியத்தில் கொடுத்த புகார் தானாக அங்கே போவதில்லை. 12,500 டாலர் வரையிலான இழப்புக்கு, வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு வழக்கு நீதிமன்றத்தில் ஒப்பந்தக்காரர் மீது வழக்குத் தொடுக்கலாம். ஒப்பந்தம், வங்கி செலுத்திய காசோலைகளின் நகல், குறுஞ்செய்திகள், தேதியுடன் கூடிய படங்கள், மீதி வேலையை முடிக்க வேறொரு உரிமம் பெற்றவர் எழுத்தில் கொடுத்த மதிப்பீடு ஆகியவற்றை இணையுங்கள். என் கோரிக்கை ஏற்கப்பட்டதற்குக் காரணம் அந்த 18,000 டாலர் காசோலையின் நகல்தான். சட்டம் அனுமதித்த முன்பணத்தை அவர் மீறினார் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த 4,100 டாலரும் வந்திருக்காது.