ஆதியாகமத்தின் ஆறு நாள்: 24 மணி நேரமா, யுகமா?

காரைக்குடி ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆதியாகமம் 1, அதாவது கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததைச் சொல்லும் பைபிளின் முதல் அதிகாரம், எடுக்கிறேன். சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. முதல் மூன்று நாளை எதை வைத்து அளப்பது என்று கேட்டால்?

தேவகோட்டை:
அக்கா, 24 மணி நேரம் என்பவர்களின் பலம் யாத்திராகமம் 20:11. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்ற கட்டளையே அந்த வாரத்தின்மேல்தான் நிற்கிறது. சூரியனுக்கு முன்பும் கடவுள் தந்த வெளிச்சம் இருந்ததே என்பார்கள். ஆனால் 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி' என்பது ஏழாம் நாளுக்கு இல்லை. அதை, கடவுளின் ஏழாம் நாள் ஓய்வில் நாம் இன்னும் பிரவேசிக்கலாம் என்கிற எபிரெயர் 4-ஓடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்; அந்த நாள் முடியவில்லை என்றால் அது 24 மணி நேரமாக இருக்க முடியாது என்பார்கள் மற்றவர்கள்.

ஆசிரியை:
சங்கீதம் 90:4-ஐ வைத்து ஒரு நாளுக்கு 1,000 வருஷம் என்று கணக்குப் போடலாமா?

கோட்டையூர்:
வேண்டாம்மா. அதே வசனம் 'இராச்சாமம்போல', அதாவது இரவுக் காவலின் ஒரு பகுதிபோல, என்றும் சொல்கிறது. பிறகு 1,000 வருஷம் சில மணி நேரமாகிவிடும். ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட காலம் என்கிற யுகக் கொள்கையிலும் சிக்கல் உண்டு: பறவைகள் ஐந்தாம் நாள், தரை மிருகங்கள் ஆறாம் நாள். புதைபடிவங்களில் தரை விலங்குகளே முந்தியவை.

பலகையில் இரண்டு வரிசை எழுதுங்கள். 1 வெளிச்சம், எதிரே 4 சுடர்கள். 2 வானமும் நீரும், எதிரே 5 பறவையும் மீனும். 3 நிலம், எதிரே 6 மிருகமும் மனிதனும். இது கால வரிசையல்ல, பொருள் வரிசை என்பது ஒரு வாசிப்பு; எனக்கு இதுவே சரி. டார்வினுக்குப் பயந்து வந்த சமாதானம் என்று யாராவது சொன்னால், படைப்பு முழுதும் ஒரே கணத்தில் நடந்தது என்று ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டீன் 5-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியதைக் காட்டுங்கள்.