61-ஆம் எண் சாலை சென்ட்ராலியாவுக்கு முன்னால் ஏன் சுற்றிப் போகிறது?

வரைபடப்பித்தன்:
பென்சில்வேனியாவின் 61-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையை ரெடிங் பக்கத்திலிருந்து வடக்கே மேப்பில் பார்த்துக்கொண்டே போனேன். பாட்ஸ்வில், ஆஷ்லாந்து, சென்ட்ராலியா, மவுண்ட் கார்மல், ஷமோகின் என்று எல்லாமே பழைய நிலக்கரி ஊர்கள். ஆஷ்லாந்தைத் தாண்டி மேடேறியதும் ஓரிடத்தில் மட்டும் சாலை விலகிச் சுற்றிக்கொண்டு வந்து சேருகிறது. குறுக்கே ஆறு எதுவும் இல்லை. அப்புறம் எதற்கு இந்தச் சுற்று?

கரித்துண்டு:
குறுக்கே ஒன்றும் இல்லைதான் நண்பரே, விஷயம் அடியில் இருக்கிறது. சென்ட்ராலியாவில் கைவிட்ட சுரங்கக் குழி ஒன்றில் ஊர்க் குப்பையைக் கொட்டி வந்தார்கள், 1962-இல் அங்கே வைத்த தீ பழைய சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது என்பதுதான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கதை. இன்றுவரை அணையவில்லை. அங்கே கிடைப்பது ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி, லேசில் பற்றாது, பற்றினால் லேசில் விடாது. கரி எரிந்து உள்ளே பொள்ளலாகிப் போனால் மேலே இருக்கும் சாலை என்ன செய்யும்? உள்வாங்கியது, தார் வெடித்தது, வெடிப்பிலிருந்து புகை. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பார்த்துவிட்டு 1993-இல் மூடினார்கள். வண்டிகளை பைர்ன்ஸ்வில் சாலை வழியாகத் திருப்பிவிட்டார்கள், அந்த மாற்றுப்பாதையே இப்போது 61.

சும்மாகேட்டேன்:
மூடிய துண்டு முக்கால் மைல்கூட வராதே! தோண்டிக் கரியை எடுத்துவிட்டு மண்ணைப் போட்டு நிரப்பியிருக்கலாமே?

கரித்துண்டு:
எரிவது சாலைக்கு அடியில் மட்டும் என்றால் செய்திருப்பார்கள். தீ கரி அடுக்கைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது, பழைய சுரங்க வழிகளெல்லாம் அதற்குக் காற்று கொடுக்கும் குழாய் மாதிரி. குறுக்கே பள்ளம் வெட்டினார்கள், சாம்பலை உள்ளே செலுத்தினார்கள், ஒன்றும் நிற்கவில்லை. முழுதாகத் தோண்டியெடுக்க 60 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று 1983-இல் கணக்குச் சொன்னார்கள். ஆயிரம் பேர் இருந்த ஊரையே காலி செய்ய அமெரிக்க காங்கிரஸ் ஒதுக்கியது 4.2 கோடி. ஊரைத் தூக்குவதே மலிவு என்றால் சாலையை வளைப்பதைப் பற்றிக் கேட்க வேண்டுமா!

மழைக்காலம்:
2017-இல் அந்தப் பழைய துண்டில் நடந்திருக்கிறேன். தார் தெரியாத அளவுக்கு ஸ்ப்ரே பெயின்ட் கிறுக்கல், பெயர்களும் இதயங்களும் கெட்ட வார்த்தைகளும். ஒரு வெடிப்பு கால் நுழையும் அகலத்துக்குச் சாலையோடு நீளமாக ஓடியது, ஓரத்துத் தார் அலைபோல மடிந்து கிடந்தது. புகையை எதிர்பார்த்துப் போன எனக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை (ஏமாற்றம்தான்). இப்போது போய்ப் பிரயோஜனமில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா அடைப்பிலும் கூட்டம் வந்துகொண்டே இருந்ததால், நிலத்துக்குச் சொந்தமான நிறுவனம் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூடிவிட்டது. தனியார் நிலம், உள்ளே போகாதீர்கள்.

வரைபடப்பித்தன்:
சரி, புரிந்தது. வீட்டில் 1987-இல் அச்சான ஒரு அட்லஸ் இருக்கிறது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதில் 61 நேராகத்தான் போகிறது.