மலேசியாவின் பீடோங்கில் 'ஹோம் ரன்' படம்: நம் பையன்களுக்கு உதவுமா?

பால்மரத்தான்:
சனிக்கிழமை ராத்திரி எங்கள் தோட்டத்து மண்டபத்தில் காற்பந்துக் குழுப் பையன்களுக்கு 'ஹோம் ரன்' போட்டுக் காட்டினோம். 2013-இல் வந்த அமெரிக்கக் கிறிஸ்தவப் படம். பேர்போன பேஸ்பால் ஆட்டக்காரர் குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறார், விபத்தில் கூடப் பிறந்தவருக்கு அடிபடுகிறது. சொந்த ஊரில் சிறுவர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே, குடியை விட நினைப்பவர்களின் சர்ச் கூட்டத்தில் போய் உட்காருகிறார். அதற்குள் முணுமுணுப்பு. வேண்டாம் என்பவர்கள் இங்கே நேராகச் சொல்லுங்கள்.

லயத்து வீடு:
நான்தான் சொன்னேன் அண்ணே. பையன்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மனுக்குக் காவடி எடுக்கிறவர்கள். குடியை விடுவதற்குக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறணும் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா? அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இதே பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் 1946, 47-இல் தொண்டர் படை என்ற தொழிலாளர் அமைப்பு கள்ளுக்கடைக்கு எதிராக நின்றது. தொழிலாளர் லயத்துப் பக்கத்திலேயே கடையை வைத்து, கொடுத்த கூலியைத் தோட்ட நிர்வாகத்தார் திரும்பப் பிடுங்கினார்கள். குடியை ஒரு ஆளின் மனசோடு முடித்துவிடுகிற படத்தில் அந்தக் கடைக்கு இடமே இல்லை.

ஞாயிறு வெயில்:
அண்ணே, கடை ஒரு காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அப்பா சம்சு என்கிற மலிவான சாராயம் குடித்தவர். போத்தல் கழுத்தில் கயிறு கட்டி, குளிக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார். பள்ளிக்குப் போகக் குளிக்கும்போது வாளியில் அந்தக் கயிறு மாட்டும். சத்தம் கேட்காமல் எடுத்துவிட்டுக் குளிப்பேன். பன்னிரண்டு வருஷம் வீட்டில் ஒருவரும் 'குடி' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. 'அப்பாவுக்கு உடம்புக்கு முடியலை', அவ்வளவுதான். படத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய் திறந்து சொல்கிறார்களே, அங்கேதான் நான் அழுதேன். ஜெபம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பழைய டிரெஸ்ஸர்:
பிள்ளைகளா, டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன் சொல்கிறேன், படத்தைப் பார்த்துவிட்டு யாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று விட்டால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி. ஹெராயின் பழக்கம் என்றால் அதற்குப் பதிலாகக் கொடுக்கிற மெத்தடோன் மருந்து இருக்கிறது, 2005-இலிருந்து நம் நாட்டில் கொடுக்கிறார்கள். மருந்து எடுப்பவனை 'இன்னும் திருந்தலை' என்று ஏசாதீர்கள்.

பால்மரத்தான்:
நன்றி ஐயா, இதைப் பையன்களிடமும் சொல்கிறேன். தம்பி, மதத்தைப் பற்றிக் கேட்டாய். படத்தில் வருவது 1991-இல் கலிபோர்னியாவில் ஒரு சர்ச் ஆரம்பித்த கூட்டம், அங்கே இயேசுதான் நடுவில். ஆனால் அதற்கும் முன்னோடி 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டம். குடியை விடுவதற்கு அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் 'நாங்கள் புரிந்துகொண்ட கடவுள்' என்றுதான் இருக்கிறது. முருகனாக இருந்தாலும் சரி.

லயத்து வீடு:
அப்படியென்றால் அதைச் செய்யுங்கள், படம் எதற்கு? இன்னொன்று, அமெரிக்காவில் முகம் தெரியாதவர்கள் முன்னால் பேசலாம். இங்கே எதிரே உட்காருகிறவர் என் மாமாவாக இருப்பார். காலையில் ரொட்டிச் சானாய் கடையில் என் கதை ஓடும்.

ஞாயிறு வெயில்:
கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது அண்ணே. அப்பா கால்வாயில் விழுந்து கிடந்ததை எங்களுக்கு முன்னால் கடைதான் தெரிந்துகொண்டது. எங்களைத் தவிர ஊரே பேசியது.

லயத்து வீடு:
சரி தங்கச்சி. படத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை, அடுத்த முறை போட்டாலும் எதிர்ப்பேன். ஆனால் திடல் ஓரத்தில் பூட்ஸ் வைக்கிற கொட்டகை இருக்கிறது, சாவி என்னிடம். சாமி படம் எதுவும் மாட்டக்கூடாது. வியாழன் எட்டு மணிக்குத் திறந்து வைக்கிறேன். டிரெஸ்ஸர் ஐயா வந்தால் நல்லது.

பழைய டிரெஸ்ஸர்:
வருகிறேன்.

ஞாயிறு வெயில்:
குடிக்கிறவர்கள் மட்டும்தானா, வீட்டில் இருக்கிறவர்களும் வரலாமா? பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கேட்கச் சொல்கிறார்.